அம்மாவுக்கு ஒரு குளியல் அங்கி

சென்ற ஆண்டு மழைக்காலத்தின் தொடக்கத்தில் என் தாயார் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். எழுபத்தெட்டு வயது. இடுப்பெலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, மூன்று வாரப் படுக்கை. வீடு திரும்பிய பிறகு வந்த இயன்முறை மருத்துவர் நடைப்பயிற்சியைக் கற்றுக்கொடுத்துவிட்டு, கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார்: "குளித்து முடித்ததும் எப்படித் துவட்டிக்கொள்கிறார்கள்?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் சரியான பதில் இல்லை. நின்றபடி, குனிந்து, ஒரு காலைத் தூக்கித் துவட்டிக்கொள்வதும், ஈர உள்பாவாடையை மாற்றுவதும் முதியவர்கள் நிலைதடுமாறும் நேரங்கள் என்று அவர் விளக்கினார். நாற்காலியில் உட்கார்ந்து குளிக்க வேண்டும். எழுவதற்கு முன்பே முன்புறம் திறந்த ஓர் அங்கியை அணிவித்துவிட வேண்டும். ஈரத்தை அங்கியே வாங்கிக்கொள்ளும். முதியவர்களின் தோல் மெலிந்திருப்பதால் அழுத்தித் தேய்த்துத் துவட்டினால் உரிந்துவிடக்கூடும் என்பதையும் சொன்னார். அவர் சொல்லாத ஒன்றை நானே அறிவேன். பெற்ற மகளாகவே இருந்தாலும், ஈர உடம்போடு என் முன்னால் நிற்பது அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் வேதனையாக இருந்தது.

குளியல் அங்கி என்பதை அதுவரை நட்சத்திர விடுதிகளின் அலமாரியிலும் திரைப்படங்களில் செல்வந்தர் வேடங்களிலும் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஒன்றை வாங்குவது எளிய வேலை என்றுதான் எண்ணினேன். சரியான துணி எது என்று தெரிந்துகொள்ள நான்கு மாதங்களும் மூன்று அங்கிகளும் தேவைப்பட்டன.

முதல் அங்கியைக் கடையில் கையால் தடவிப் பார்த்து வாங்கினேன். பெரும்பாலோர் அப்படித்தான் வாங்குவோம். தடிமனாக, வெள்ளையாக, பஞ்சுப்பொதி போல மெத்தென்று இருந்தது. விற்பனையாளர், "நானூறு ஜி.எஸ்.எம். மேடம், ஹோட்டல் குவாலிட்டி" என்றார். அந்த எண்ணின் பொருள் அப்போது எனக்குத் தெரியாது. பெரிய எண் என்பதால் நல்லது என்று எடுத்துக்கொண்டேன்.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். அது தரத்தின் அளவு அல்ல. எடையின் அளவு மட்டுமே. முழங்காலுக்குக் கீழே இறங்கும், முழுக்கை வைத்த ஓர் அங்கிக்கு மூன்று முதல் மூன்றரைச் சதுர மீட்டர் துணி வேண்டும். நானூறால் பெருக்கிப் பாருங்கள். நான் வாங்கிய அங்கியைப் பின்னாளில் சமையலறைத் தராசில் வைத்தபோது 1,380 கிராம் காட்டியது. துவைத்து, இயந்திரத்தில் பிழிந்தெடுத்த பிறகு இரண்டு கிலோவைத் தாண்டியது. ஊன்றுகோலுடன் நான்கு அடி எடுத்து வைக்கவே மூச்சு வாங்கும் ஒருவரின் தோளில் அதைத்தான் நான் ஏற்றியிருந்தேன். "நனைஞ்ச சாக்கைச் சுமக்க மாதிரி இருக்கு மக்ளே" என்றார் அம்மா. நாகர்கோவிலை விட்டு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும் அவர் பேச்சு மாறவில்லை.

அந்தத் துணி நம் வீடுகளில் தேங்காய்ப்பூத் துண்டு என்று அறியப்படுவதுதான். துருவிய தேங்காயைப் போல மேற்பரப்பில் நூல் வளையங்கள் நிற்பதால் வந்த பெயர். ஆங்கிலத்தைவிட நாம் பொருத்தமாகப் பெயரிட்டிருக்கிறோம். டர்க்கி டவல் என்ற பெயருக்கும் காரணம் உண்டு. துருக்கியின் புர்சா நகரில் கையால் நெய்யப்பட்ட வளையத் துணியைக் கண்ட ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர் அதன் மாதிரியை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். அவர்கள் ஆலையில் அதை இயந்திரத்தில் நெய்யும் வழி கண்டறியப்பட்டு, 1851-ஆம் ஆண்டு லண்டன் மாபெரும் கண்காட்சியில் அது காட்சிக்கு வந்தது. இதற்கான தறியில் இரண்டு பாவுகள் உண்டு. ஒன்று இறுக்கமாக இழுக்கப்பட்டு அடித்துணியாகிறது. மற்றொன்று தளர்வாக விடப்படுகிறது. சில ஊடு நூல்களைச் செலுத்தி ஒன்றாக அடித்துத் தள்ளும்போது தளர்ந்த பாவு மடிந்து வளையமாக எழும்புகிறது.

அந்த வளையங்களால்தான் துணியின் பரப்பு பெருகுகிறது; பரப்பு பெருகுவதால்தான் அது நிறைய நீரை வாங்குகிறது. குளிர் நாட்டில், வெப்பமூட்டிய அறையில், காய்கலன் உள்ள வீட்டில் அதற்கு இணையான துணி இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், எவ்வளவு நீரை வாங்குகிறதோ அவ்வளவையும் அது திருப்பிக் காற்றிடம் கொடுத்தாக வேண்டும். கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தொலைவில், நவம்பர் மாதத்தில், எங்கள் வீட்டுப் பால்கனியில் அந்த அங்கி இரண்டு நாள்களாகியும் காயவில்லை. மூன்றாம் நாள் மக்கிய வாடை வந்தது. காயாத துணியின் மடிப்புகளில் நுண்ணுயிர்கள் பெருகுவதால் வரும் வாடை அது. அறுவைத் தழும்பு முழுதும் ஆறாத உடம்பில் அதைச் சுற்ற எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு குறையும் இருந்தது. புத்தம் புதிதாக இருந்தபோது அது ஈரத்தை வாங்கவே இல்லை. நீர் முத்துமுத்தாக மேலேயே நின்றது. புதுத் துணி கடையில் மெத்தென்று தோன்றுவதற்காக ஆலைகளில் சிலிக்கான் போன்ற மென்மையூட்டிகளைப் பூசி அனுப்புகிறார்கள். நாம் தடவிப் பார்த்து மகிழ்வது பெரும்பாலும் அந்தப் பூச்சைத்தான். இரண்டு மூன்று முறை வெந்நீரில், மென்மையூட்டி சேர்க்காமல் துவைத்தால் அது போய்விடும். பிறகு நாமே ஒவ்வொரு வாரமும் வாசனை மென்மையூட்டியை ஊற்றி, போனதைத் திரும்பப் பூசுகிறோம். கடையில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: விரல் நுனியில் ஒரு சொட்டு நீரைத் துணியின் மேல் விட்டு, அது எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்ப்பது. ஜவுளி ஆய்வகங்களிலும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள். விற்பனையாளர்கள் இதை ரசிப்பதில்லை என்பது என் அனுபவம்.

இரண்டாவது அங்கி நியூ ஜெர்சியிலிருந்து வந்தது. விஷயம் கேள்விப்பட்ட என் அக்காள் மகள் அனுப்பியது. ஆட்டுக்குட்டியின் உடல் போலப் புசுபுசுவென்றிருக்கும் ஃபிளீஸ் துணி. எடையோ முந்தையதில் பாதிகூட இல்லை. பிழிந்து போட்டால் மாலைக்குள் காய்ந்துவிட்டது. நூறு விழுக்காடு பாலியஸ்டர் என்று உள்ளே தைத்திருந்த சீட்டு சொன்னது. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் அம்மா, "உடம்பு பிசுபிசுங்குது, துவட்டுனதாவே இல்ல" என்றார்.

அவர் சொன்னது சரி. இழைகளின் இயல்பை அளக்க ஓர் எளிய எண் உண்டு. ஓரளவு ஈரப்பதமுள்ள அறையில் வைத்தால், நூறு கிராம் உலர்ந்த பருத்தி காற்றிலிருந்து ஏறத்தாழ எட்டு கிராம் ஈரத்தைத் தன் இழைக்குள்ளேயே ஏற்றுக்கொள்ளும். கம்பளியும் லினனும் இன்னும் கூடுதலாக ஏற்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட ஏற்காது. அதன் இழைக்குள் நீர் போவதில்லை. இழைகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் மட்டுமே தங்குகிறது. மைக்ரோஃபைபர் என்று விற்கப்படும் மிக நுண்ணிய பாலியஸ்டர் இழைகளில் இந்த இடுக்குகள் ஏராளம் என்பதால் தரையையும் கண்ணாடியையும் தலைமுடியையும் அது நன்றாகவே துடைக்கும். உடம்போடு ஒட்டி அரைமணி நேரம் இருக்க வேண்டிய அங்கிக்கு அது வேறு கதை. இடுக்கிலுள்ள நீர் தோலின் மேலேயே இருக்கிறது. புழுக்கமான ஊரில் வியர்வையும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

ஆயினும், அந்த அங்கியை நான் கைவிட்டதற்குக் காரணம் பிசுபிசுப்பு அல்ல. அம்மாவுக்குக் குளித்தவுடன் விளக்கேற்றும் பழக்கம். புடவை கட்டும் வரை காத்திராமல் அங்கியோடே பூஜை அலமாரியின் முன் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் திரியைத் தூண்டுவதற்காகக் கையை நீட்டினார். அமெரிக்க அளவில் தைத்த அந்த அகன்ற கை, சுடரின் மேல் ஓர் அங்குல இடைவெளியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அருகில் இருந்தேன், கையைப் பற்றி இழுத்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அன்று முழுவதும் என்னால் வேறெதையும் நினைக்க முடியவில்லை.

குளியல் அங்கியின் துணியைப் பற்றிப் பேசுவோர் மென்மையையும் உறிஞ்சும் திறனையும் பேசுகிறார்கள். நெருப்பைப் பேசுவோர் மிகக் குறைவு. அமெரிக்காவில் இழையின் மேற்பரப்பு புடைத்த ரேயான் ஸ்வெட்டர்கள் பொறி பட்டதும் பற்றியெரிந்து உயிர்களைக் குடித்த பிறகு, 1953-ஆம் ஆண்டு தீப்பற்றும் துணிகளுக்கான சட்டம் வந்தது. துணியை 45 பாகை சாய்வில் நிறுத்தி, ஒரு விநாடி மட்டும் சிறு சுடரைக் காட்டி, தீ மேலேறும் வேகத்தை அளக்கும் சோதனை அன்றுமுதல் அங்கே நடப்பில் உள்ளது. சட்டம் இருந்தும் தவறுகள் நடந்தன. 2009-ஆம் ஆண்டு அங்கே ஒரு நிறுவனம் தான் விற்ற செனில் துணியாலான பெண்கள் அங்கிகள் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் திரும்பப் பெற நேர்ந்தது. அந்த அங்கிகளில் தீப்பற்றி ஒன்பது பேர் இறந்ததாகத் தகவல்கள் வந்தன. இறந்தவர்களில் பலர் முதிய பெண்கள். அடுப்பருகே நின்று சமைத்துக்கொண்டிருந்தவர்கள்.

இதில் எந்த இழை பாதுகாப்பானது என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் விடை கூற முடியாது. பருத்தி எளிதில் பற்றும், எரிந்து கருகும், ஆனால் உருகாது. பாலியஸ்டர் சுடரைக் கண்டு சுருங்கிப் பின்வாங்கும். அதனால் மெதுவாகத்தான் பற்றும். ஆனால், ஏறத்தாழ 250 பாகை செல்சியஸைக் கடந்ததும் உருகி, சொட்டுச் சொட்டாகத் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிய்க்க முடியாது என்பதால் புண் ஆழமாகிறது. இரண்டையும் கலந்து நெய்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. பருத்தி இழை திரியைப் போல நின்று, உருகும் பாலியஸ்டரைக் கீழே விழவிடாமல் பிடித்து எரிக்கிறது. நம் கடைகளில் 'காட்டன்' என்று வாய்மொழியாக விற்கப்படும் பல இரவு உடைகள் இந்தக் கலப்புதான்.

இழையைவிட நெசவு முக்கியம் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். மயிர்போல் புடைத்த, சீவிவிட்ட மேற்பரப்புகளில் காற்று நிறைந்திருப்பதால் தீ மேலோட்டமாக வேகமாக ஓடுகிறது. அதே பருத்தியைத் தட்டையாக நெய்தால் வேகம் குறைகிறது. அமெரிக்க விதிமுறையில், சதுர மீட்டருக்கு 88 கிராமுக்கு மேற்பட்ட தட்டையான துணிகளுக்குச் சோதனையிலிருந்தே விலக்கு உண்டு. புடைத்த பருத்தித் துணிக்கு அந்த விலக்கு இல்லை. மென்மையூட்டி இங்கேயும் வில்லனாகிறது. அது புடைத்த துணிகளின் தீப்பற்றும் தன்மையைக் கூட்டும் என்பதால், தீத்தடுப்புச் செய்யப்பட்ட குழந்தை உடைகளுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள்.

இதற்கிடையே மூங்கில் துணி என்று ஒன்றைப் பலர் பரிந்துரைத்தனர். இயற்கையானது, கிருமியை எதிர்ப்பது, பட்டுப் போன்றது என்றெல்லாம் விளம்பரங்கள் கூறின. பட்டுப் போன்றது என்பது மட்டும் உண்மை. மூங்கிலை வேதிப்பொருள்களில் கரைத்துக் கூழாக்கி, நுண்துளைகள் வழியே பீய்ச்சி இழையாக்குவது விஸ்கோஸ் என்னும் பழைய முறைதான். கரைத்த பிறகு அது மூங்கிலா, வேறு மரமா என்ற வேறுபாடு துணியில் மிஞ்சுவதில்லை. ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக அமெரிக்க வணிக ஆணையம் 2009 முதல் பல நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்திருக்கிறது; 2022-இல் இரு பெரும் விற்பனை நிறுவனங்கள் இதற்காக 55 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. எனக்கு உறுத்தியது வேறொன்று. விஸ்கோஸ் நனையும்போது ஏறக்குறையப் பாதி வலிமையை இழக்கிறது. பருத்தி நனையும்போது கூடுதல் வலிமை பெறுகிறது. தினமும் நனைவதற்கென்றே பிறந்த உடைக்கு இவற்றில் எது பொருந்தும்?

இந்த விவரங்களையெல்லாம் ஒரு வாடிக்கையாளர் இப்படித் தேடித் திரிய வேண்டியிருப்பது ஏன் என்பதே என் ஆதங்கம். வீட்டுப் பயன்பாட்டுத் துணிகளுக்குப் பெயர்பெற்ற கரூரிலிருந்தும் தேங்காய்ப்பூத் துண்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற சோலாப்பூரிலிருந்தும் உலகெங்கும் சரக்கு போகிறது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் துணியில் எந்த இழை எத்தனை விழுக்காடு என்று சீட்டுத் தைத்தாக வேண்டும். அங்குள்ள சட்டம் அப்படி. ஆகவே, அந்தச் சீட்டைத் தைக்க நம் தொழிலாளர்களுக்குத் தெரியும். சென்னையில் நான் ஏறி இறங்கிய கடைகளில் பார்த்த ஏழு அங்கிகளில் இரண்டில் மட்டுமே இழை விவரம் இருந்தது. மற்றவற்றில் அளவும் விலையும் மட்டும். விவரம் இல்லாத ஒன்றின் ஓரத்திலிருந்து உருவிய நூலை வீட்டில் கொளுத்திப் பார்த்தேன். காகிதம் எரியும் மணம் வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. கடினமான கறுப்பு மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். 'பியூர் காட்டன்' என்று சொல்லித் தந்த அந்த நூலின் முனையில் மணி திரண்டது.

மூன்றாவது அங்கிக்கு வழி சொன்னவர் அம்மாதான். நான் மேசை முழுவதும் துணித் துண்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக நெய்த வாஃபிள் துணியைக் காட்டி, "இது எடை குறைவு, சீக்கிரம் காயும்" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அது உண்மையில் நல்ல துணி. சதுர மீட்டருக்கு இருநூறு கிராம் அளவில், வளையங்கள் இல்லாமலே பள்ளங்களில் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். கிடைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நம்ம துவர்த்துல தைச்சா என்னவாம்?"

குமரி மாவட்டத்தில் துண்டைத் துவர்த்து என்போம், மலையாளத்தில் தோர்த்து. அதில் ஈரிழைத் துவர்த்து என்பது பாவிலும் ஊடிலும் இரண்டிரண்டு நூல்களைச் சேர்த்துத் தளர்வாக நெய்யப்படுவது. மெல்லியது, தட்டையானது, முழுப் பருத்தி. புதிதில் சற்று விறைப்பாக இருக்கும். துவைக்கத் துவைக்க இளகும். திருவனந்தபுரத்தை அடுத்த பலராமபுரத்தில் நெய்யப்படும் ஈரிழைக்குத் தனிப் பெயருண்டு. மன்னர் பலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அங்கே குடியேறிய சாலியர்களின் நெசவு அது. மழை ஓயாத ஊரில், வெயிலை நம்ப முடியாத மனிதர்கள், அரைமணிக் காற்றில் காய்வதற்கென்று உருவாக்கிக்கொண்ட துணி. நான் நான்கு மாதம் தேடியது எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பெரிய துவர்த்துகள் மூன்று தேவைப்பட்டன. பருத்தி முதல் சலவைகளில் சுருங்கும் என்பதால் வெட்டுவதற்கு முன் மூன்று முறை வெந்நீரில் நனைத்துக் காயவைத்தோம். இதைச் செய்யாமல் தைத்தால் மறுவாரமே கை குட்டையாகிவிடும். எங்கள் தெருத் தையற்காரர் முதலில் இதை நைட்டி என்றே நினைத்தார். கை முழங்கையோடு நிற்க வேண்டும், அதுவும் ஒடுக்கமாக, சுடரருகே தொங்காதபடி. நீளம் கெண்டைக்காலின் நடுவோடு நிற்க வேண்டும், கால் தடுக்காதபடி. இடுப்புக் கச்சை வேண்டாம்; அது அவிழ்ந்து தரையில் இழுபடும்; பதிலாக முன்புறம் இரண்டு நாடாக்கள். தோளிலும் முதுகிலும் மட்டும் இரட்டைத் துணி, ஏனெனில் தலைமுடியின் ஈரம் வடிவது அங்கேதான். உள்பக்கத் தையல் விளிம்புகள் தோலை உரசாதபடி மடித்துத் தைக்கப்பட்டன. தைத்து வந்ததும் தராசில் வைத்தேன்: 560 கிராம்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே அம்மா அதை அணிந்துகொள்கிறார். நான் வெளியே நிற்கிறேன். கதவு சற்றே திறந்திருக்கிறது, கூப்பிட்டால் கேட்கும் அளவுக்கு. நாடாவை அவரே முடிந்துகொள்கிறார். காலையில் துவைத்துப் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. விளக்கேற்றும் வேலையை மட்டும் புடவை கட்டிய பிறகு என்று மாற்றியிருக்கிறோம். பருத்தியும் எரியும் துணிதான். இரண்டாவது ஒன்று தைக்க வேண்டும் என்கிறார். நாகர்கோவிலில் என் சித்தி மகனிடம் துவர்த்துக்குச் சொல்லியிருக்கிறேன். இம்முறை கரையில் நீலக்கோடு போட்டது வேண்டுமாம்.